மிளகாய்த்தூளில் ரோடமின் எவ்வளவு? செர்ஸ் முறையில் அளந்து சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

ஆந்திர எல்லையிலுள்ள நகரி கடைத்தெருவில் மிளகாய்த்தூள் என்று தமிழில் கேட்டால் எல்லாருக்கும் புரியும். ஆனால் பொட்டலத்தின் மேல் ‘காரம்’ என்றுதான் எழுதியிருக்கும்; தெலுங்கில் அந்தத் தூளுக்கே அதுதான் பெயர். திருத்தணிப் பக்கமிருந்து போகும் நாங்கள் மாதிரி வாங்கும்போது கடைக்காரர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: “கலர் பாருங்க சார், குண்டூர் சரக்கு.” அந்தக் கடைக்கு நாலு கடை தள்ளி, விசைத்தறிக்குப் போகும் நூல் ராணி கலரில் காய்ந்துகொண்டிருந்தது. நூலுக்கு அந்தப் பளீர் ரோஸ் தருகிற சாயங்களில் ஒன்று ரோடமின்-பி. பழைய மிளகாயின் வெளிறிய தூளைச் சிவக்க வைக்கவும் அதுவே கைகொடுக்கும். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும், அடுத்து தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டபோது ஊரெல்லாம் அடிபட்ட பெயர் இதுதான்.

இந்தத் தூளில் ரோடமின் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் கஷ்டம். பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் நிறமாலை, சுருக்கமாக செர்ஸ், முதல் கேள்விக்குச் சில நிமிடத்தில் பதில் தந்துவிடும். இரண்டாவது கேள்வியில் பல பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். கல்லூரி ஆய்வகம், ஒரு 785 நானோமீட்டர் ராமன் கருவி, சாதாரண கண்ணாடிச் சாமான், இவ்வளவு இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ரோடமின் இங்கே உதாரணம்தான். பூச்சிமருந்து, மருந்துப்பொருள், மீனில் மாலக்கைட் பச்சை என்று எதற்கும் இதே நடைமுறையைக் கொண்டுபோகலாம்.

ஒரு கேள்வி எழலாம். ரோடமினுக்கு உணவில் அனுமதியே கிடையாது. இருந்தாலே குற்றம், அப்புறம் அளவு எதற்கு? சாக்கின் மேல் அச்சடித்த மையோ பக்கத்துக் கடைச் சாயமோ பட்ட சுவடும், வேண்டுமென்றே கலந்த கலப்படமும் ஒன்றல்ல. எண் இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

முதலில், வெள்ளி என்ன செய்கிறது

ராமன் விளைவு 1928-இல் கண்டுபிடிக்கப்பட்டது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனோடு சேர்ந்து உழைத்தவர் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன். ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பங்கின் அலைநீளம் மாறிவிடும்; எவ்வளவு மாறியது என்பதைச் செ.மீ⁻¹ அலகில் வரைந்தால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உரிய உச்சங்கள் தெரியும். அந்தச் சிதறல் மிக மங்கலானது. பத்து லட்சத்தில் ஒரு கூறு அளவு செறிவெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாது. 1974-இல் சவுத்தாம்ப்டனில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்வில்லன் மூவரும் சொரசொரப்பான வெள்ளி மின்முனையின் மேல் பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தைப் பார்த்தபோது சமிக்ஞை எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக வந்தது. மூலக்கூறு கூடியதால் மட்டும் அப்படி வரவில்லை, வெள்ளியே பெருக்குகிறது என்று 1977-இல் தெளிவானது. சரி, வரலாறு போதும்.

அளப்பவருக்குத் தேவையானது ஒரே சங்கதி: வெள்ளித் துகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறுதான் பேசும். 25 நானோமீட்டர் ஆரமுள்ள துகளிலிருந்து 5 நானோமீட்டர் தள்ளி நின்றாலே சமிக்ஞை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதிலும், இரண்டு துகள் நெருங்கி நிற்கும் இடுக்கில் மாட்டிய மூலக்கூறு மற்றவற்றைவிடப் பல மடங்கு கத்தும். 2008-இல் வெளியான ஓர் அளவீட்டில், பத்து லட்சம் இடங்களில் வெறும் 63 இடங்கள் மொத்த ஒளியில் 24 சதவீதத்தைக் கொடுத்தன. ஆகவே கருவி காட்டும் உச்சத்தின் உயரத்துக்குள் மூன்று சங்கதி கலந்திருக்கிறது: கரைசலில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு வெள்ளியில் ஒட்டியது, ஒட்டியதில் எவ்வளவு இடுக்கில் மாட்டியது. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும். மற்ற இரண்டையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆக்குவதற்குத்தான் கீழே வரும் இத்தனை பாடும்.

வெள்ளிக் கூழ்மம் காய்ச்சுதல்

சந்தையில் வெள்ளி பூசிய சில்லுகள் கிடைக்கின்றன. விலை அதிகம், ஒரு சில்லுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வரும், ஒரு தடவைக்கு மேல் ஓடாது. அளவிடுவதற்குக் கூழ்மமே, அதாவது நீரில் மிதக்கும் வெள்ளி நுண்துகள்களே நல்லது என்பது என் கட்சி. லேசர் படும் இடத்தில் எண்ணற்ற துகள்கள் அலைந்துகொண்டே இருப்பதால் சராசரி தானாகவே கிடைக்கிறது. சொட்டைக் காயவைத்துப் பார்ப்பவர்களுக்குக் காபி டம்ளர் வைத்த இடத்தில் விழுகிற மாதிரி ஒரு வளையம் விழும். ஓரத்தில் ஒரு எண், நடுவில் ஒரு எண். எதை எடுப்பது?

1982-இல் லீ, மைசல் இருவரும் சொன்ன செய்முறை இன்றும் ஓடுகிறது. 18 மி.கி. சில்வர் நைட்ரேட்டை 100 மி.லி. நீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் கரைசல் 2 மி.லி.யைக் கலக்கிக்கொண்டே விட்டு, சுமார் ஒரு மணி நேரம் கொதிநிலையிலேயே வையுங்கள். மஞ்சள் கலந்த பச்சைச் சாம்பல் நிறத்தில் கலங்கலாக வரும். ஆறியதும், குறைந்த நீரை ஈடுகட்டி 100 மி.லி. ஆக்குங்கள்.

கண்ணாடிச் சாமானை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவது முக்கியம். அதைவிட முக்கியம் நீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. ஒரு கோடையில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோய், ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று அதில் காய்ச்சினோம். அரைமணியில் குடுவையின் அடியில் சாம்பல் வண்டல். ஆர்.ஓ.வில் தப்பி வந்த குளோரைடே வெள்ளியைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. மூன்று நாள் அளவீடு வீண். இப்போதெல்லாம் நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, வெண்மை தட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறோம்.

ஒவ்வொரு காய்ச்சலையும், அதாவது ஒரு தடவை காய்ச்சிய கூழ்மத்தை, புற ஊதா–கட்புல நிறமாலைமானியில் பாருங்கள். உட்கவர்தல் உச்சம் 400–420 நானோமீட்டர் பக்கம் வர வேண்டும். உச்சத்தின் இடத்தையும் அகலத்தையும் நோட்டில் எழுதி, எந்த எல்லைக்குள் வந்தால் ஏற்பது, எதைக் கொட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆசையாகக் காய்ச்சியதைக் கொட்ட மனம் வராது. அதனால்தான் முன்கூட்டியே என்கிறேன். ஒரே ஆய்வுக்குக் குறைந்தது மூன்று தனித்தனிக் காய்ச்சல் வேண்டும். ஒரே குடுவையிலிருந்து முப்பது தடவை எடுத்து, விலகல் 3 சதவீதம்தான் என்று காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

வெள்ளியில் எவ்வளவு இடம் இருக்கிறது?

இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை. கூழ்மத்தில் வெள்ளி சுமார் 1 மில்லிமோலார். எல்லாம் 50 நானோமீட்டர் விட்ட உருண்டைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கூழ்மத்திலுள்ள மொத்த வெள்ளிப் பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர். ஒரு சின்ன மேசை அளவு. ரோடமின் ஒவ்வொன்றும் 1.5 சதுர நானோமீட்டர் பிடித்துக்கொண்டால், அந்தப் பரப்பு நிரம்ப 1.4 மைக்ரோமோலார் அளவே போதும். அளவீட்டுக் குப்பியில் கூழ்மம் பாதிதான் இருக்கப்போகிறது என்பதால் 0.7 மைக்ரோமோலாரிலேயே பேருந்து நிரம்பிவிடும். அதற்கு மேல் ஏறுகிறவர்கள் படியில் தொங்க வேண்டியதுதான், சமிக்ஞை கூடாது.

அதாவது, கோடு எங்கே வளையும் என்று சோதனைக்கு முன்பே தெரிகிறது. லாங்முயர் சொன்ன நிரம்பல் வளைவு இது. நாங்கள் குப்பிச் செறிவை 0.5 மைக்ரோமோலாருக்குள் வைத்துக்கொள்கிறோம்.

மாதிரியைத் தயார் செய்தல்

1 கிராம் தூளை எடைபோட்டு, மெத்தனாலும் நீரும் 7:3 விகிதத்தில் கலந்து, துளி அசிட்டிக் அமிலம் சேர்த்த கரைப்பானில் 10 மி.லி. ஊற்றி, 15 நிமிடம் ஒலியலைத் தொட்டியில் வையுங்கள். மையவிலக்கில் சுற்றித் தெளிவை எடுங்கள். அதை ஹெக்சேனால் இரண்டு தடவை அலசினால் மிளகாயின் சொந்தச் சிவப்பான காப்சாந்தினும் எண்ணெயும் பெரும்பாலும் மேலடுக்கில் போய்விடும். அயனியாக இருக்கும் ரோடமின் கீழேயே தங்கும். அமிலம் சேர்ப்பது அதற்காகத்தான்.

காப்சாந்தின் கரோட்டினாய்டு வகை. அதன் ராமன் உச்சங்கள் 1,157, 1,520 செ.மீ⁻¹ பக்கம் வரும். ரோடமினின் முக்கிய உச்சங்கள் சுமார் 621, 1,280, 1,358, 1,508, 1,648. இதில் 1,508 கவர்ச்சியாக உயர்ந்து நிற்கும். அதை நம்பி அளந்தால் நல்ல மிளகாயின் மேலும் பழி விழும். நான் 621-ஐ அளவுக்கும் 1,648-ஐக் காவலுக்கும் வைத்துக்கொள்கிறேன். இரண்டின் விகிதம் தூய ரோடமினில் எவ்வளவோ அவ்வளவே மாதிரியிலும் வர வேண்டும். விகிதம் மாறினால் வேறு ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது. அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது.

ரோடமின் வெளிச்சத்தில் வெளிறும், பிளாஸ்டிக்கில் ஒட்டும். பழுப்புக் கண்ணாடிக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்தரம்: துணைக்கு ஒரு சாட்சி

லேசர் கொஞ்சம் தளர்ந்தாலும், குவியம் நகர்ந்தாலும், துகள்கள் கூடுதலாகத் திரண்டாலும் உச்சம் ஏறி இறங்கும். ஒவ்வொரு குப்பியிலும் அளவு மாறாத இன்னொரு மூலக்கூறை விட்டு, அதன் உச்சத்தால் வகுத்தால் இந்த ஆட்டத்தில் பெரும்பகுதி அடங்கும். சிறந்த சாட்சி, நாம் தேடும் மூலக்கூறின் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய இரட்டைப்பிறவி. வெள்ளியில் அதேபோல ஒட்டும், உச்சம் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கும். விலைதான் கேட்க முடியாது.

எங்கள் ஏழ்மைக்கு ஏற்றது 4-மெர்காப்டோபென்சோநைட்ரைல். அதன் நைட்ரைல் உச்சம் 2,228 பக்கம் வருகிறது; மிளகாய்க்கும் ரோடமினுக்கும் அந்தத் தெருவில் வீடே கிடையாது. ஆனால் இது கந்தகம் உள்ள தயோல் வகை; வெள்ளியை விடாப்பிடியாகப் பிடிக்கும். அதிகம் போட்டால் ரோடமினுக்கு இடம் இருக்காது. மேலே போட்ட அதே பரப்புக் கணக்கில், குப்பியில் சுமார் 5 மைக்ரோமோலார் தயோல் இருந்தால் வெள்ளி முழுக்க மூடிவிடும். ஆகவே 50 நானோமோலார் போடுங்கள். நூற்றில் ஒரு பங்கு இடத்தோடு சாட்சி ஒதுங்கி நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. 785 லேசரில் 2,228 என்பது உண்மையில் 951 நானோமீட்டர் ஒளி. சிலிக்கான் உணரிகளின் பார்வை அங்கே மங்கத் தொடங்கும், சில கைக்கருவிகளின் எல்லையே 2,300-இல் முடிந்துவிடும். கருவியை வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

கலக்கும் வரிசையும் கடிகாரமும்

குப்பியில் 500 மைக்ரோலிட்டர் கூழ்மம், 250 நீர், 50 உள்தரக் கரைசல், 100 மாதிரி. கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். கடைசியாக 0.3 மோலார் சோடியம் குளோரைடு 100. மொத்தம் 1 மி.லி. உப்பு விழுந்த நொடியில் கடிகாரத்தை ஓடவிட்டு, சரியாக மூன்றாவது நிமிடத்தில் படிக்கத் தொடங்குங்கள்.

உப்பு துகள்களைத் திரள வைக்கிறது. இடுக்குகள் பிறப்பது அப்போதுதான். ஆனால் திரட்சி நின்றுவிடுவதில்லை. நிமிடம் கூடக்கூடச் சமிக்ஞை ஏறி, பிறகு துகள்கள் அடியில் படிந்து இறங்கும். ரோடமின் நேர்மின் அயனி என்பதால், வெள்ளியில் ஒட்டிய குளோரைடு அதற்குக் கைகொடுக்கும்; சில மூலக்கூறுகளுக்கு மெக்னீசியம் சல்பேட் பொருந்தும். உப்பின் அளவையும் நேரத்தையும் உங்கள் கூழ்மத்துக்கு நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். என் எண்கள் தொடக்கப்புள்ளிதான். வரிசையை மாற்றி உப்பை முதலில் விட்டால் வேறு கதை. அந்தத் திரளுக்குள் ரோடமின் போய்ச் சேராது.

“சார், டீ குடிச்சிட்டு வந்து படிக்கலாமா?” என்று ஒரு மாணவர் கேட்டார். படித்தோம். ஒரே செறிவு பாதியாகத் தெரிந்தது.

கருவியில் படித்தல்

தினமும் காலையில் சிலிக்கான் சில்லில் 520.5 செ.மீ⁻¹ வருகிறதா என்று சரிபாருங்கள். பாலிஸ்டைரீனின் 1,001.4 இன்னொரு அடையாளம். லேசரின் திறனைத் திறன்மானியில் அளந்து எழுதுங்கள்; திரையில் காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். 532 நானோமீட்டர் பச்சை லேசர் ரோடமினுக்கு ஆகாது. அதன் உட்கவர்தல் அதை ஒட்டியே இருப்பதால், ஒட்டாத சாயமெல்லாம் ஒளிர்ந்து நிறமாலையை மூழ்கடிக்கும். 785 லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால்தான் ஆபத்து. காப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அறைக்குள் வரக்கூடாது.

குவியத்தைக் குப்பிச் சுவருக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். 10 விநாடி வீதம் மூன்று பதிவு சேர்ந்தது ஒரு படிப்பு; ஒரு குப்பிக்கு ஐந்து படிப்பு. ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குப்பி.

கேலிபரேஷன் கோடு

வெறும் நீரில் கரைத்த ரோடமினைக் கொண்டு கோடு போட்டு, அதில் மிளகாய்ச் சாற்றின் எண்ணை வைத்துப் படிப்பது பெரிய தவறு. மிளகாயிலிருந்து வரும் பொட்டாசியமும் குளோரைடும் கரிமப் பொருள்களும் திரட்சியை மாற்றிவிடும், வெள்ளியில் இடம் பிடிக்கும். ஆகவே சுத்தமான மிளகாய்ச் சாறு வேண்டும். தூளாக வாங்காமல் நல்ல குண்டு மிளகாய் வாங்கி, காம்பு கிள்ளி, கழுவிக் காயவைத்து, மிக்சியில் நீங்களே அரையுங்கள். அதே முறையில் சாறு எடுத்து, அதில் ரோடமின் இல்லை என்று நிறமாலையில் உறுதி செய்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே தரக் கரைசல்களைத் தயாரியுங்கள். மெத்தனால் அளவும் தானாகவே சமமாகிவிடும்.

ரோடமினின் மூலக்கூறு எடை 479, 47.9 மி.கி.யை 100 மி.லி.யில் கரைத்தால் 1 மில்லிமோலார். குப்பியில் 0, 0.02, 0.05, 0.1, 0.2, 0.3, 0.5 மைக்ரோமோலார் வருகிற மாதிரி நீர்த்து வாருங்கள். ஏறுவரிசையில் படிக்காமல் சீட்டுக் குலுக்கிப் படியுங்கள். இல்லையென்றால் கருவி சூடேறும் போக்கும் செறிவாக மாறுவேஷம் போடும்.

621 உச்சத்தின் பரப்பை 2,228-இன் பரப்பால் வகுத்து, செறிவுக்கு எதிரே வரையுங்கள். அடித்தளக் கோட்டை எல்லா நிறமாலைக்கும் ஒரே அமைப்பில் கழியுங்கள். நேர்கோடாக வரும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது முழுவதற்கும் லாங்முயர் வளைவைப் பொருத்தலாம்.

இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்து நேர்கோடு காட்டும் பழக்கம் செர்ஸ் கட்டுரைகளில் அதிகம். பார்க்க அழகு. அதன் சாய்வு 0.25 என்றால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்: உச்சத்தில் 20 சதவீதம் பிசகினால் செறிவு 1.2-இன் நான்காம் அடுக்கு, அதாவது 2.07 மடங்கு பிசகும். பத்து மி.கி. என்று நாம் சொல்வது இருபதாகவும் இருக்கலாம். கோட்டின் பொருத்தம் 0.99 என்று மார்தட்டுவதில் அர்த்தமில்லை.

மாதிரியின் பின்னணி உங்கள் குண்டு மிளகாயோடு பொருந்துமா என்று சந்தேகம் வந்தால், அதே சாற்றிலேயே தெரிந்த அளவு ரோடமினை மூன்று படியாகச் சேர்த்து அளந்து பாருங்கள். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அடி அச்சை வெட்டும் இடமே விடை. நேரம் பிடிக்கும், மசாலாப் பொடி மாதிரிக் கதம்பச் சரக்குக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் மொத்தச் செறிவும் நேர்கோட்டுப் பகுதிக்குள் இருந்தால்தான் இது செல்லும்.

எண்ணை மி.கி. ஆக்குதல்

உதாரணத்துக்கு ஒரு மாதிரி 0.2 மைக்ரோமோலார் காட்டியது என்போம். லிட்டருக்கு 0.0958 மி.கி. குப்பியில் சாறு பத்து மடங்கு நீர்த்திருக்கிறது, ஆகவே சாற்றில் 0.958. 10 மி.லி. சாறு 1 கிராம் தூளிலிருந்து வந்தது, ஆகவே கிலோவுக்கு 9.58 மி.கி.

கணக்கு இன்னும் முடியவில்லை. சுத்தமான தூளில் தெரிந்த அளவு ரோடமினைத் தெளித்து, ஓரிரவு விட்டு, மறுநாள் சாறெடுத்துப் பார்த்தால் போட்டதெல்லாம் திரும்பி வராது. 85 சதவீதம் மீண்டது என்றால் 9.58-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 11.3. நாங்கள் முதலில் இந்தப் படியை மறந்துவிட்டு எல்லாக் கடைக்காரர்களுக்கும் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கண்டறியும் எல்லைக்கு, ரோடமின் இல்லாத மிளகாய்ச் சாற்றைக் குறைந்தது பத்துத் தடவை, வெவ்வேறு காய்ச்சலில், வெவ்வேறு நாளில் படித்து, விலகலை மூன்றால் பெருக்கிக் கோட்டின் சாய்வால் வகுங்கள். அளந்து சொல்லும் எல்லைக்குப் பத்தால் பெருக்குங்கள். இரண்டுக்கும் நடுவே வரும் மாதிரிக்கு ‘இருக்கிறது, அளவு சொல்ல முடியாது’ என்றுதான் எழுத வேண்டும்.

நிறமாலை முழுவதையும் கொண்டு செறிவைக் கணிக்கும் கணினிக் கணக்குமுறைகளுக்குப் போகிறவர்கள், பகுதிச் சிறும வர்க்கமோ (பி.எல்.எஸ்.) வேறெதுவோ, ஒரு காய்ச்சலை முழுசாக ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். ஒரே குப்பியின் ஐந்து படிப்பில் நாலைப் பயிற்சிக்கும் ஒன்றைச் சோதனைக்கும் போட்டால், விடைத்தாளைக் காட்டிவிட்டுப் பரீட்சை வைத்த கதை.

ஆய்வகம் மாறினால் எண் மாறுமா? மாறும். ஐரோப்பாவில் 15 ஆய்வகங்கள் அடினின் என்ற மூலக்கூறை வைத்து, ஒரே பொருள்களும் ஒரே செய்முறையும் கொடுத்து அளந்து, 2020-இல் முடிவை வெளியிட்டன. அப்படியும் ஆய்வகங்களுக்கிடையே வேறுபாடு வந்தது. உங்கள் மாதிரிகளில் சிலவற்றையாவது எச்.பி.எல்.சி. என்ற திரவ நிறப்பிரிகை முறையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளிக் கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தனிக் கேனில் சேர்த்து, உப்புப் போட்டு வீழ்படிவாக்கி எடுங்கள். எங்கள் பக்கம் நகரியாறு கொசத்தலையாற்றில் சேர்ந்து பூண்டிக்குப் போகிறது. சென்னை குடிக்கிற தண்ணீர் அது. சாயப்பட்டறைகளைக் குறை சொல்லிக்கொண்டே நாமும் ஊற்றக் கூடாது.

அறிக்கையில் 11.27 என்று எழுதாதீர்கள். மூன்று காய்ச்சல், மூன்று குப்பி எல்லாம் சேர்த்து விலகல் 3 வந்தால், ‘கிலோவுக்கு 11 ± 3 மி.கி.’ என்று எழுதி, பக்கத்தில் காய்ச்சல் எண், மீட்பு சதவீதம், படித்த தேதி மூன்றையும் போடுங்கள். வழக்கு வரை போகும் மாதிரியை உணவுப் பாதுகாப்பு அதிகாரிதான் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் சொல்வது, எந்தப் பொட்டலத்தை முதலில் அனுப்பலாம் என்பதற்கு.